மண்மேடுகளில் ஓட்டுவதற்கென ஒரு சிறு பி.எம்.எக்ஸ். நிறுவனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டு ஓரங்களில் மண்வெட்டியால் எழுப்பிய மேடுகளில் பி.எம்.எக்ஸ். எனப்படும் சிறு சக்கர சைக்கிளை ஓட்டுபவர்கள் பலருக்கு, தங்கள் ஓட்டத்துக்கு ஏற்ற பொருள்களைத் தாங்களே செய்து விற்க வேண்டும் என்ற ஆசை ஒரு நாள் வந்துவிடுகிறது. அப்போது எழும் கேள்விகளுக்கு இங்கே விடை சொல்ல முயன்றிருக்கிறேன். இந்த ஓட்டமுறை பிறந்து வளர்ந்த நாடு அமெரிக்கா என்பதால் எடுத்துக்காட்டுகளும் சட்டக் குறிப்புகளும் பெரும்பாலும் அந்நாட்டைச் சேர்ந்தவை. சட்டத்தையும் காப்பீட்டையும் பற்றி இங்கே உள்ளது தொடக்க அறிவு மட்டுமே. எந்தத் தாளிலும் கையெழுத்திடுவதற்கு முன் உங்கள் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘ட்ரெயில்ஸ்’ என்று ரைடர்கள் சொல்வது சரியாக எதை?

பி.எம்.எக்ஸ். 1970-களின் தொடக்கத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவில், மோட்டார் சைக்கிள் பந்தயங்களைப் பார்த்த சிறுவர்கள் தங்கள் 20 அங்குலச் சக்கர சைக்கிள்களில் அதையே செய்து பார்த்ததிலிருந்து பிறந்தது. பின்னர் அது பந்தயம், சாய்தளம், தெரு, பூங்கா என்று பல கிளைகளாகப் பிரிந்தது. பந்தயம் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலும் பூங்கா வகை டோக்கியோ ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றன. ட்ரெயில்ஸ் அப்படி எந்த மேடையையும் தேடிப் போகவில்லை. ஒரு மேட்டில் ஏறி எழும்பி, நடுவில் உள்ள பள்ளத்தைத் தாண்டி, எதிரே உள்ள மேட்டின் மறுசரிவில் இறங்கி, அந்த வேகத்தையே முதலாகக் கொண்டு அடுத்த மேட்டுக்குப் போவது அதன் சாரம். எழும்பும் முகத்தை லிப் என்றும் இறங்கும் சரிவை லேண்டிங் என்றும் அழைக்கிறார்கள். இடையில் பெடல் மிதிக்காமல், உடலின் அழுத்தத்தாலேயே வேகத்தைக் காத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு மேடுகளை ஒரே மூச்சில் கடப்பதுதான் நல்ல வரிசைக்கு அடையாளம்.

பென்சில்வேனியாவின் லீஹை பள்ளத்தாக்கில் உள்ள பாஷ், கேட்டி ஆகிய காட்டு மேடுகளும், கலிஃபோர்னியாவின் கோஸ்டா மேசாவில் உள்ள ஷீப் ஹில்ஸும் இந்த ஓட்டத்தின் உலகில் எல்லோரும் அறிந்த பெயர்கள். அவற்றை எழுப்பியவர்கள் ஒப்பந்தக்காரர்கள் அல்லர், அங்கே ஓட்டுபவர்களே. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால் கீழே வரும் பல விடைகளுக்குக் காரணம் தானாக விளங்கும்.

பெரிய நிறுவனங்கள் இருக்கும்போது இதற்கென்று தனியாக ஒரு சிறு நிறுவனம் எதற்கு?

பெரிய நிறுவனங்கள் அதிகம் பேர் வாங்கும் பொருளைச் செய்கின்றன. இன்று அதிகம் பேர் ஓட்டுவது தெருவிலும் கான்கிரீட் பூங்காவிலும்தான். அந்த ஓட்டத்துக்கு ஏற்ற குட்டையான, சட்டென்று திரும்பும் சைக்கிளையே கடைகள் அடுக்கி வைக்கின்றன. மண்மேட்டில் ஓட்டுபவர் கேட்பது சற்றே நீளமான, காற்றில் நிலையாக நிற்கும் சைக்கிள். அதைக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் கேட்பவர்கள் விடாமல் கேட்பவர்கள்.

ரைடர்கள் தாங்களே தொடங்கிய நிறுவனங்களின் வரலாறும் இதற்குச் சான்று. கிரெக் ஸ்காட், கிறிஸ் மோலர் என்னும் இருவர் 1987-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய எஸ் அண்ட் எம் நிறுவனத்தின் பெயர் அவர்களுடைய பெயர்களின் முதல் எழுத்துகளிலிருந்து வந்தது. அன்று கடையில் கிடைத்த ஃபிரேம்கள் மண்மேட்டுத் தாவலைத் தாங்காமல் உடைந்துகொண்டிருந்தன. 1990-களின் தொடக்கத்தில் ரிக் மோலிடெர்னோ அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட்டில் ஸ்டாண்டர்ட் நிறுவனத்தை நிறுவினார். ஏறத்தாழ அதே காலத்தில் ஸ்டீவ் க்ராண்டலும் நண்பர்களும் நியூயார்க் மாநிலத்தில் எஃப்.பி.எம். நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஜோ ரிச், டாஜ் மிஹெலிச் என்னும் இரு தொழில்முறை ரைடர்கள் 1998-இல் டெக்சாஸின் ஆஸ்டினில் டெரிபிள் ஒன்னைத் தொடங்கினார்கள். முதலீட்டாளர்களைத் தேடிப் போனவர்கள் இவர்களில் யாரும் இல்லை. தங்கள் கையில் உடைந்த பொருளைப் பார்த்து, இதைவிட நன்றாகச் செய்ய முடியும் என்று நம்பியவர்கள் இவர்கள். அந்த நம்பிக்கைக்கு உங்களிடமும் ஒரு தெளிவான காரணம் இருக்க வேண்டும். “என் பெயரில் ஒரு ஃபிரேம் வேண்டும்” என்பது போதுமான காரணம் ஆகாது.

முதலில் எதைச் செய்து விற்பது? நேராக ஃபிரேமிலிருந்து தொடங்கலாமா?

தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எஃப்.பி.எம். முதலில் விற்றது டி-ஷர்ட்டுகளை. ஃபிரேம்கள் பின்னால் வந்தன. அந்த வரிசையில் ஓர் அறிவு இருக்கிறது. சட்டை கிழிந்தால் யாருக்கும் கழுத்து முறியாது. சட்டை, தொப்பி, கைப்பிடி உறை, சீட், பெடல் போன்றவற்றில் பெயரை நிலைநாட்டி, தபாலில் பொருளை நேரத்துக்கு அனுப்பவும் கடைகளிடமிருந்து பணத்தை வசூலிக்கவும் கற்றுக்கொண்டபின், மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ ஃபிரேமுக்கு வருவது நல்லது. இந்த ஆண்டுகளில் உங்கள் ஃபிரேமின் மாதிரிகளை நீங்களும் நண்பர்களும் ஓட்டி உடைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஃபோர்க்கைப் பொறுத்தவரை இன்னும் கடுமையாகச் சொல்வேன். முன்சக்கரத்தைத் தாங்கும் அந்த உறுப்பு ஹேண்டில்பாரோடு சேரும் இடத்தில் முறிந்தால், ரைடருக்கு ஒரு நொடிகூட அவகாசம் கிடைக்காது. அதற்கென்றே பல்லாண்டுகளாகச் சோதனைக் கருவிகளை வைத்திருக்கும் நிறுவனங்கள் உள்ளன. உங்கள் ஃபிரேமுக்கு அவர்களுடைய ஃபோர்க்கை வாங்கிப் பொருத்தச் சொல்லுங்கள். கிராங்கும் (பெடலைத் தாங்கும் தண்டு) ஹப்பும் (சக்கரத்தின் நடுக்கூடு) அப்படியே. ஃப்ளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள புரொஃபைல் ரேசிங் நிறுவனம் இத்தனை ஆண்டுகளாகச் செய்துவரும் பொருளோடு முதல் ஆண்டிலேயே போட்டியிடுவதில் பொருளில்லை.

மண்மேட்டு ஃபிரேம் தெரு ஃபிரேமிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். வேறுபாடு அரை அங்குலத்திலும் அரை டிகிரியிலும் இருக்கிறது. தெரு ஃபிரேமில் பின்சக்கரத்தை நோக்கிச் செல்லும் பின்குழாயின் நீளம் 13 அங்குலத்தை ஒட்டி இருக்கும். ட்ரெயில்ஸ் ஃபிரேமில் அது 13.75 முதல் 14.25 அங்குலம் வரை போகும். ஃபோர்க்கின் தண்டு நுழையும் ஹேண்டில்பார் குழாயின் சாய்வு தெருவில் 75 அல்லது 75.5 டிகிரி என்று செங்குத்தாகவும், மண்மேட்டில் 74 அல்லது 74.5 டிகிரி என்று சற்றுப் படுத்தும் இருக்கும். மேல்குழாய் 21 அங்குலத்தையும் தாண்டுவது உண்டு. இவற்றின் கூட்டு விளைவாக இரு சக்கரங்களுக்கும் இடையிலான தொலைவு கூடுகிறது. தெருவில் பின்சக்கரத்தில் மட்டும் நின்று திருப்ப விரும்புபவருக்கு அது இடைஞ்சல். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் லிப்பில் ஏறுபவருக்கோ அதுவே துணை, ஏனெனில் காற்றில் சைக்கிள் துள்ளாமல் ஒரு கோட்டில் போகும். லேண்டிங்கில் சற்றுக் கோணலாக இறங்கினாலும் நிமிர்ந்துகொள்ளும்.

பின்பிரேக்கைப் பொருத்துவதற்கான பிடிகளையும் மறக்கக் கூடாது. தெருவில் பலர் பிரேக் இல்லாமலே ஓட்டுகிறார்கள். மண்மேட்டில் ஓட்டுபவர்களில் பலர் பின்பிரேக்கை விடுவதில்லை. ஒரு வரிசையில் முன்னால் போனவர் விழுந்து கிடக்கும்போது நிற்க ஒரு வழி வேண்டும் அல்லவா?

புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு, எல்லா அளவுகளையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுவது. ஒரு மாதிரியில் ஓர் அளவை மட்டும் மாற்றி, குறைந்தது ஒரு பருவம் முழுவதும் ஓட்டிப் பார்த்தால்தான் எந்த மாற்றம் எதைத் தந்தது என்று தெரியும். மற்ற பாகங்களுக்கான அளவுகளில் புதுமை செய்யவே வேண்டாம். பெடல் அச்சு செல்லும் கூட்டின் உள்விட்டம் ‘மிட்’ எனப்படும் வகைக்கு 41.2 மி.மீ., பின் அச்சு 14 மி.மீ., ஹேண்டில்பார் குழாய்க்கு உட்பொதித்த பேரிங் என்று துறை முழுவதும் ஒப்புக்கொண்ட அளவுகள் உள்ளன. அவற்றை மீறினால் உங்கள் ஃபிரேமை வாங்கியவர் வேறெந்தப் பாகத்தையும் வாங்க முடியாமல் தவிப்பார்.

4130 குரோமோலி இரும்பை எல்லோரும் ஏன் சொல்கிறார்கள்? அலுமினியம் கூடாதா?

4130 என்பது ஓர் உருக்கு வகையின் எண். முதல் இரு இலக்கங்கள் அது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைக் காட்டுகின்றன. கடைசி இரு இலக்கங்கள் அதில் கார்பன் ஏறத்தாழ 0.30 சதவீதம் என்பதைக் காட்டுகின்றன. குரோமியம் ஒரு சதவீதத்தை ஒட்டியும், மாலிப்டினம் 0.2 சதவீதத்தை ஒட்டியும் இருக்கும். இவ்வளவு சிறிய கலப்பு, குழாயின் சுவரை மெல்லியதாக இழுத்தாலும் வலிமை குறையாமல் காக்கிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் ஆர்கான் வெல்டிங் என்று சொல்லும் முறையில் இதை நன்றாக ஒட்டவும் முடிகிறது.

அலுமினியம் இலகுவானது, பந்தயக்காரர்கள் அதை விரும்புகிறார்கள். ஆனால் திரும்பத் திரும்ப விழும் அடியை இரண்டும் தாங்கும் விதம் வேறு. உருக்குக்கு ஒரு தாங்கு எல்லை உண்டு. அதற்குக் கீழான அடிகள் எத்தனை லட்சம் முறை விழுந்தாலும் அதில் விரிசல் வளராது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. ஒவ்வோர் அடியும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். மேலும், நல்ல உருக்கு பெரும்பாலும் வளைந்து, பெயின்ட் சுருங்கி, விரிசல் காட்டிய பிறகே முறிகிறது. ஓட்டுபவருக்குக் கிடைக்கும் அந்த எச்சரிக்கைக்கு விலை இல்லை. பாஷும் கேட்டியும் இருக்கும் அதே பள்ளத்தாக்கில்தான் பெத்லஹேம் ஸ்டீல் ஆலை 1995 வரை இரும்பை உருக்கிக்கொண்டிருந்தது. உருக்கை நம்பும் ரைடர்களின் பிடிவாதத்தை அந்த மண்ணோடு சேர்த்து எண்ணிப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

ஒரு குறை உண்டு: குரோமோலி துருப்பிடிக்கும். காட்டு ஈரத்தில் மாதக்கணக்கில் கிடக்கும் சைக்கிளில் துரு குழாயின் உட்புறத்திலிருந்து தின்னும். ஃபிரேமை விற்கும் முன் உள்ளே எண்ணெய் தெளிக்க வேண்டும் என்பதையும், வெல்டிங் வாயு வெளியேறும் துளைகள் வழியே நீர் புகும் என்பதையும் வாங்குபவருக்கு எழுதிக் கொடுங்கள்.

ஒரு தாவலில் ஃபிரேமின்மீது எவ்வளவு விசை விழுகிறது?

மனிதரும் சைக்கிளும் சேர்ந்து 82 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1.5 மீட்டர் உயரத்திலிருந்து சமதளத்தில் விழுந்து, முழங்காலும் முழங்கையும் மடங்கி 15 சென்டிமீட்டரில் நின்றால், சராசரி விசை எடையைப் போல் 11 மடங்கு; அதாவது ஏறத்தாழ 900 கிலோ. கால்கள் விறைத்து 5 சென்டிமீட்டரிலேயே நின்றுவிட்டால் அது 31 மடங்கு. நல்ல லேண்டிங் இந்தக் கணக்கையே மாற்றிவிடுகிறது. விழும் பாதையும் சரிவும் ஒரே திசையில் இருந்தால், சைக்கிள் மண்ணை மோதுவதற்குப் பதிலாக அதன்மேல் வழுக்கி இறங்குகிறது. அடி மிகச் சிறிதாகிவிடுகிறது. ஆகவே ஃபிரேமின் ஆயுளில் பெரும்பங்கை முடிவு செய்வது மேட்டைக் கட்டியவரின் மண்வெட்டி என்றே சொல்லலாம்.

உண்மையான சோதனை, தாவல் குறைந்துபோய்ப் பின்சக்கரம் லேண்டிங்கின் உச்சியில் இடிக்கும்போது வருகிறது. அதை ‘கேஸ்’ ஆவது என்பார்கள். முன்சக்கரம் அந்த நொடியில் பின்னோக்கித் தள்ளப்பட, பெடல் கூட்டிலிருந்து முன்னால் ஏறும் கீழ்க்குழாய் ஹேண்டில்பார் குழாயோடு சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் குழாய் புடைக்கும் அல்லது கிழியும். பழைய உடைந்த ஃபிரேம்களைப் பார்த்தால் பலவற்றிலும் காயம் அங்கேயே இருக்கும். அந்த மூலையில் வைக்கும் வலுத்தகட்டின் வடிவம், அதன் வெல்டிங் எங்கே முடிகிறது என்பது, குழாயின் தடிமன் எங்கே குறையத் தொடங்குகிறது என்பது ஆகிய மூன்றையும் முடிவு செய்வதில் எத்தனை வாரம் செலவானாலும் வீண் இல்லை.

நாமே பட்டறை வைத்துச் செய்வதா, தைவானில் செய்து வாங்குவதா?

இரண்டுக்கும் நல்ல முன்னோடிகள் உள்ளன. எஸ் அண்ட் எம், ஸ்டாண்டர்ட், எஃப்.பி.எம். ஆகியவை அமெரிக்காவிலேயே ஃபிரேம் கட்டிப் பெயர் பெற்றவை. மறுபக்கம், உலகின் பி.எம்.எக்ஸ். உற்பத்தியில் பெரும்பங்கு தைவானின் தைசுங் வட்டாரத்தைச் சூழ்ந்துள்ளது. குழாய் இழுப்பவர், வார்ப்புச் செய்பவர், வெப்பமூட்டிப் பதப்படுத்துபவர், பெயின்ட் அடிப்பவர் எல்லோரும் அங்கே ஒருவருக்கொருவர் அருகில் இருக்கிறார்கள். தரம் குறைவு என்பது பழைய தப்பெண்ணம், பி.எம்.எக்ஸின் சிறந்த பாகங்கள் பலவும் அங்கிருந்தே வருகின்றன.

சிறு நிறுவனத்துக்கு உண்மையான சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. தொழிற்சாலை ஐந்து ஃபிரேமுக்காக அச்சுகளை மாற்றாது. ஒரு தொகுதியாக எடுக்கச் சொல்லும். ஒரு கணக்குக்காக ஃபிரேமுக்கு 180 டாலர் என்றால், 50 ஃபிரேமுக்கு 9,000 டாலர் மாதக்கணக்கில் முடங்கிவிடும். அதில் ஓர் அளவு தவறாக இருந்தால் ஐம்பதும் தவறு. உள்ளூர் வெல்டர் ஒருவரிடம் ஐந்தைந்தாகக் கட்டினால் ஒவ்வொன்றும் விலை கூடும். ஆனால் ஆறாவது ஃபிரேமில் திருத்தம் செய்யலாம். ஃபிரேம் செய்யும் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு உள்ளூர்க் கையையும், வடிவம் உறுதிப்பட்டபின் பெரிய தொழிற்சாலையையும் நாடுவதே முறை என்று நினைக்கிறேன்.

பாதுகாப்புச் சோதனைகளும் சட்டமும் என்ன கேட்கின்றன?

சைக்கிள்களுக்கான பொது உலகத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 4210 பி.எம்.எக்ஸை உட்கொள்வதில்லை. ஐரோப்பாவில் இதற்கென்றே ஈ.என். 16054 என்னும் தரநிலை 2012-இல் வந்தது. நீங்கள் ஐரோப்பாவில் விற்காவிட்டாலும், அதில் சொல்லப்பட்ட சோதனைகளை ஓர் ஆய்வகத்தில் செய்துகொள்வது மிகவும் நல்லது. அமெரிக்காவில் முழு சைக்கிளாக விற்றால் கூட்டாட்சி ஒழுங்குமுறைத் தொகுப்பின் 16-ஆம் தலைப்பு, 1512-ஆம் பகுதி உங்களைக் கட்டுப்படுத்தும்; அது பிரேக், ஒளிபிரதிபலிப்பான், ஃபோர்க்கின் வலிமை ஆகியவற்றுக்கு விதி சொல்கிறது.

பலர் அறியாத ஒன்று: அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டத்தில் இறக்குமதி செய்பவரும் உற்பத்தியாளராகவே கொள்ளப்படுகிறார். “வெல்டிங் செய்தது நான் இல்லை, தைவான் தொழிற்சாலை” என்ற விடை அங்கே நில்லாது. 1963-இல் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் கிரீன்மேன் வழக்கில் தந்த தீர்ப்புக்குப் பின், குறையுள்ள பொருளால் காயம்பட்டவர் உற்பத்தியாளரின் கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லை என்ற கொள்கை அந்நாட்டில் பரவிவிட்டது. எனவே பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனமாகப் பதிவு செய்துகொள்வதும், பொருள் பொறுப்புக் காப்பீடு எடுப்பதும் முதல் ஃபிரேமை விற்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். காப்பீட்டுத் தவணை கட்ட முடியாத நிலையில் ஃபிரேம் விற்பது, நண்பர்களின் உடலைப் பணயம் வைப்பதாகும்.

பெயரையும் சின்னத்தையும் எப்படிக் காப்பது?

வணிகச் சின்னங்களைப் பதியும்போது பொருள்கள் வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. சைக்கிளும் அதன் பாகங்களும் 12-ஆம் வகுப்பு. ஆடைகள் 25-ஆம் வகுப்பு. சட்டையில் தொடங்குபவர் 25-இல் மட்டும் பதிந்துவிட்டு, ஃபிரேம் செய்யும் நாளில் 12-இல் வேறொருவர் உட்கார்ந்திருப்பதைக் காண நேரலாம். அமெரிக்காவில் பதிவு 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்கு முன் ஐந்தாம் ஆண்டுக்கும் ஆறாம் ஆண்டுக்கும் இடையில் சின்னம் பயன்பாட்டில் இருப்பதாக உறுதிமொழி தர வேண்டும். நீங்கள் ஓட்டும் காட்டின் பெயரையே நிறுவனத்துக்கு வைக்க விரும்பினால், அங்கே தோண்டிய எல்லோரையும் முதலில் கேளுங்கள். அந்தப் பெயர் உங்கள் ஒருவருடையது அன்று.

விலையை எப்படி வைப்பது?

மேலே சொன்ன 180 டாலர் ஃபிரேமை 380 டாலருக்கு நேரடியாக விற்றால் 200 மிஞ்சும். அதில்தான் பெட்டி, தபால், காப்பீடு, உடைந்ததற்கு மாற்று எல்லாம். கடை வழியாக விற்று, கடைக்கு 35 சதவீதம் விட்டால் உங்கள் கைக்கு வருவது 247, மிச்சம் 67. இடையில் மொத்த விற்பனையாளர் ஒருவர் 20 சதவீதம் எடுத்தால் மிச்சம் 17 டாலர் சொச்சம். ஒரே ஒரு மாற்று ஃபிரேம், பத்துக்கும் மேற்பட்ட விற்பனைகளின் ஆதாயத்தைத் தின்றுவிடும். ஆகவே தொடக்கத்தில் நேரடி விற்பனையும், உங்களுக்கு முகம் தெரிந்த இரண்டு மூன்று கடைகளும் போதும். அந்தக் கடைகளை மட்டும் ஒருபோதும் கைவிடாதீர்கள். சக்கரம் கோணிய சிறுவனுக்குச் சனிக்கிழமை காலையில் ஸ்போக் முடுக்கித் தருபவர்கள் அவர்கள்தாம்.

மேடுகள் இருக்கும் நிலம் யாருடையது? நிறுவனம் அங்கே என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

நிலம் பெரும்பாலும் வேறொருவருடையது. சில இடங்களில் உரிமையாளரின் வாய்மொழி அனுமதி இருக்கும். சில இடங்களில் அதுவும் இருக்காது. கலிஃபோர்னியாவின் ஆப்டாஸில் அஞ்சல் நிலையத்துக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் வளர்ந்த புகழ்பெற்ற மேடுகள், அந்த நிலத்தில் கட்டடங்கள் எழவிருந்ததால் 2015-இல் தரைமட்டமாக்கப்பட்டன. தோண்டியவர்களின் உழைப்புக்கு ஒரு பத்திரமும் இல்லை.

அனுமதி கேட்கப் போகும்போது உரிமையாளரின் அச்சம் ஒன்றுதான்: யாராவது விழுந்து தன்மேல் வழக்குப் போட்டால் என்ன செய்வது? பென்சில்வேனியாவில் இதற்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஓரளவு விடை தருகிறது. பொழுதுபோக்குக்காகத் தன் நிலத்தைக் கட்டணமின்றித் திறந்துவிடும் உரிமையாளரின் பொறுப்பை அது பெரிதும் குறைக்கிறது. ஆபத்து இருப்பது தெரிந்தும் வேண்டுமென்றே தடுக்காமலோ எச்சரிக்காமலோ விட்டால் அந்தக் காப்பு கிடையாது. இதில் ‘கட்டணமின்றி’ என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. உங்கள் நிறுவனம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விழா நடத்தி நுழைவுக்குப் பத்து டாலர் வாங்கினால், அந்த உரிமையாளரின் காப்பை நீங்களே கிழித்துவிடக் கூடும். நல்லெண்ணத்தோடு செய்த வசூலால் ஒரு காடே பூட்டப்படலாம். விழா நடத்த வேண்டுமானால் இலவசமாக நடத்துங்கள். சட்டையை வேறு இடத்தில் விற்றுக்கொள்ளுங்கள்.

நிழற்படங்களும் காணொளிகளும் இல்லாமல் விளம்பரம் ஏது? இடத்தை வெளியே காட்டலாமா?

இந்தத் தொழிலின் மிகக் கடினமான கேள்வி இது. பொருள் விற்க வேண்டுமானால் அழகான மேட்டில் அழகான தாவலைக் காட்ட வேண்டும். காட்டினால் கூட்டம் வரும். தோண்டாதவர்கள் மழை ஈரத்தில் ஓட்டி லிப்பில் தடம் பதிப்பார்கள். வண்டிகள் தெருவை அடைக்கும். அண்டை வீட்டார் நகராட்சிக்குத் தொலைபேசி செய்வார்கள். ஒரு நாள் புல்டோசர் வரும். “தோண்டாதவர் ஓட்டக் கூடாது” என்ற பழைய விதி செருக்கினால் பிறந்ததன்று. இந்த அனுபவத்தால் பிறந்தது.

என் விடை இதுதான்: இடத்தைக் கட்டியவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளாமல் ஒரு படமும் வெளியிடக் கூடாது. ஒப்புக்கொண்டாலும் ஊர்ப் பெயர், சாலை, அடையாளம் காட்டும் பாலம், இருப்பிடக் குறி எதுவும் படத்தில் இருக்கக் கூடாது. ஒருவர் மட்டும் வேண்டாம் என்றாலும் விட்டுவிட வேண்டும். ஏற்கெனவே பொது இடமாகிவிட்ட ஷீப் ஹில்ஸ் போன்றவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு தேவைப்படாது.

நிறுவனத்தின் சார்பில் ஓட்டும் ரைடர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

உயரத் தாவுபவரைவிட அதிகம் தோண்டுபவரை எடுங்கள். இருவரும் ஒருவராகவே அமைந்தால் மகிழ்ச்சி. கொடுப்பது ஒரு ஃபிரேம் மட்டுமே என்றாலும் எழுத்தில் கொடுங்கள். காயம்பட்டு ஓட்ட முடியாத மாதங்களிலும் அவர் உங்களவர் என்று அதிலேயே சேர்த்து எழுதிவிடுங்கள்.

தோண்டும் வேலையில் நிறுவனத்தின் பங்கு என்ன?

இதைப் பற்றிப் பேசாமல் ட்ரெயில்ஸ் நிறுவனம் என்று சொல்லிக்கொள்வது வெறும் சொல். மேடு கட்டுவது பருவ வேலை. இலையுதிர்ந்தபின் காடு திறந்து தெரியும். அப்போது பெரிய மாற்றங்களைச் செய்வார்கள். மேலே உள்ள இலைமக்கு மண்ணை ஒதுக்கிவிட்டு, கீழே உள்ள களி கலந்த மண்ணை எடுக்க வேண்டும். இலைமக்கு மண் மேட்டுக்குள் போனால் அழுகி உள்வாங்கும். மணல் மட்டும் போட்டால் முகம் நிற்காது. ஒரு சாண் உயரத்துக்கு ஒரு படையாகப் போட்டு, நீர் தெளித்து, மிதித்து, மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டி ஏற்ற வேண்டும். மண் எடுத்த பள்ளத்தில் நீர் தேங்காதபடி வடிகால் வெட்டுவதும் அதே நாளில் நடக்க வேண்டும். பென்சில்வேனியக் குளிரில் மண்ணுக்குள் உள்ள நீர் உறைந்து விரிந்து, பனி உருகும்போது லிப்பின் முகத்தைப் பொலபொலவென்று ஆக்கிவிடும். ஒவ்வொரு வசந்தத்திலும் அந்தத் தோலைச் சீவி எடுத்துவிட்டு மீண்டும் பூசுகிறார்கள். கோடையில் ஓட்டுவதற்கு முன் நீர் தெளிக்காவிட்டால் முகம் தூளாகிப் பறந்துவிடும். மழைக்கு முன் தார்ப்பாய் போர்த்தாவிட்டால் ஒரு வாரம் ஓட்ட முடியாது.

இதில் பணம் கேட்கும் பொருள்கள் எளியவை: மண்வெட்டி, வாரி, குழாய், நீர்த்தொட்டி, தார்ப்பாய், சில இடங்களில் சிறிய நீரேற்றி. விற்கும் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரு தார்ப்பாயின் விலையை ஒதுக்கி, அதை உங்கள் காட்டுக்கு மட்டுமன்றி வாங்கியவரின் காட்டுக்கும் அனுப்புங்கள். எந்த விளம்பரமும் செய்யாத வேலையை அது செய்யும். நிறுவனத்தை நடத்துபவரும் வாரத்தில் ஒரு நாளாவது கையில் மண்வெட்டியோடு இருக்க வேண்டும். அலுவலகத்தில் மட்டும் உட்கார்ந்தவர் வரைந்த ஃபிரேமை அந்தக் காடு எளிதில் ஏற்பதில்லை.

விற்ற ஃபிரேம் உடைந்து திரும்பி வந்தால்?

முதலில் ஓட்டியவரின் உடல்நலத்தை விசாரியுங்கள். பொருளைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு. உடைந்த ஃபிரேமை உங்கள் செலவில் வரவழையுங்கள். அதன் வரிசை எண்ணைப் பார்த்து, எந்தத் தொகுதியில், எந்தக் குழாயில், எந்த வெல்டரின் கையில் வந்தது என்று கண்டுபிடியுங்கள். இதற்காகவே முதல் ஃபிரேமிலிருந்து எண் பொறித்து ஏடு வைத்திருக்க வேண்டும். உடைப்பு ‘கேஸ்’ ஆன அடியால் வளைந்து கிழிந்ததா, வெல்டிங் ஓரத்தில் நாள்பட வளர்ந்த விரிசலா என்பதை முறிந்த முகம் காட்டிக்கொடுக்கும். நாள்பட வளர்ந்த விரிசலின் முகம் மழுங்கிக் கறுத்து, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள்போல் வரி வரியாக இருக்கும். ஒரே அடியில் கிழிந்த முகம் கரடுமுரடாகப் பளபளக்கும்.

வெல்டிங்கிலோ வடிவத்திலோ குறை என்று ஐயம் வந்தால், அதே தொகுதியின் விற்பனையை அன்றே நிறுத்துங்கள். பெருங்காயம் விளைவிக்கக்கூடிய குறை என்று தெரியவந்தால், அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வாங்கியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுங்கள். ஐம்பது பேருக்கு எழுத ஒரு மாலைப்பொழுது போதும். மாற்று ஃபிரேம் கொடுக்கும்போது உடைந்ததைத் திரும்பக் கேட்டு வாங்கி, கீழ்க்குழாயைக் குறுக்கே அறுத்து உட்புறத்தையும் பாருங்கள். அந்தத் துண்டைப் பழைய இரும்புக்குப் போடாமல் பட்டறை மேசையில் வைத்துக்கொண்டு, அடுத்த ஃபிரேமின் வலுத்தகட்டை அதன் அருகிலேயே வரையுங்கள்.